சாட்சியாரும் தூங்குமூஞ்சி நிரலும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினித் திரையில் ஓர் எழுத்து வந்துவிட்டால் அதைத் தேவவாக்காக நம்புகிற ஆள் நான். என் வேலைக்கே உலை வைத்த எழுத்தையும் அப்படித்தான் நம்பினேன்.

எதையுமே நம்பாத ஆள் மன்னார்க் கரையில் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் சாட்சியார்தான். நானாட்டானில் எங்கள் சின்ன மென்பொருள் கந்தோரின் மூத்த நிரலாளர். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயலும் செய்கிறார். வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற இடத்தில் சண்டைக்கா பஞ்சம்? யார் எதைப் பார்த்தேன் என்றாலும், "எங்க நிண்டு பாத்தனீர்?" என்று கேட்டுக் கேட்டே இந்தப் பெயரை வாங்கியவர். திருக்கேதீஸ்வரத்தில் ஒருமுறை, "தேர் சரியுது!" என்று ஒருவர் அலறச் சனமெல்லாம் ஓடியதாம். இவர் மட்டும் அசையாமல் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். பார்த்தால், அலறியவர்தான் சரிந்து நின்றாராம்.

போன சிறுபோக நெல் பருவத்தில் என் தலையில் இடி விழுந்தது. இயங்குதளத்தில் எந்த நிரல் எவ்வளவு நேரம் இயந்திரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வேவு பார்க்கும் கருவி ஒன்று உண்டு. இயந்திரத்தை மூச்சுவிட விடாதது என் நிரல்தான் என்று அது கைகாட்டியது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் நிரலோடு சேர்த்து என்னையும் தூக்கச்சொல்லி வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதிவிட்டார். நானும் நிரலின் வேலையைக் குறைத்தேன். குறைக்கக் குறைக்கக் கருவி என்னை இன்னும் கூடத் திட்டியது.

வியாழன் மத்தியானம் சாட்சியார் சேற்றுக்காலோடு வந்து கதிரையை இழுத்துப்போட்டார்.

"தம்பி, இந்தச் சாமான் எங்க நிண்டு பாக்குது?"

"கணினிக்குள்ளதான் அண்ணை."

"அது மாட்டுக்கும் தெரியும். சும்மா படுத்துக் கிடக்கிற நிரல் ஒண்டு எழுதி ஓடவிடும் பாப்பம்."

தூங்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாத நிரலை எழுதினேன். அது எனக்குக் கைவந்த கலை. கருவியோ, இயந்திரத்தில் மாடாய் உழைப்பது அவன் ஒருவன்தான் என்றது!

"பாத்தீரே? படுத்துக் கிடக்கிறவனை உழைப்பாளி எண்டுது. உமக்குச் சம்பளம் போடுறதும் இதுதானோ?"

பிறகு கருவியின் மூலநிரலுக்குள் இறங்கிப் பிழையைப் பிடித்தார். ஒரு நிரல் தூங்கப் போனபின், அடுத்தது எழும்பும்வரை இயந்திரம் சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா நேரம் முழுவதையும் கருவி கடைசியாக ஓடியவன் தலையில் கட்டிவிட்டது.

"முறை முடிஞ்சு அவன் வாய்க்கால் கதவைப் பூட்டிப்போட்டு வீட்டை போயிட்டான். பூட்டினதை இது பாக்கேல்ல. அடுத்தவன் வருமட்டும் தண்ணி இவன்ர வயலுக்குத்தான் பாயுதாம்."

தூங்கும் கணத்திலேயே கணக்கை மூடும்படி திருத்தி, கருவியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினார். "என் இயந்திரத்தில் இப்படியொரு பிழை தெரியவில்லையே" என்று அங்கிருந்து ஒருவர் எழுதினார்.

"எங்க நிண்டு பாத்தவராம்? கேளும்!"

அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். மனிதர் தன் ஊரின் பெயரை எழுதி அனுப்பினார்.

பிறகுதான் விளங்கியது, அவருடைய இயந்திரம் ஓய்வே இல்லாமல் ஓடுவது. ஓயவிட்டுப் பார்த்தவர் அடுத்த நாள் காலை திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். புதுக் கருவியில் என் நிரல் பட்டியலின் அடிக்குப் போயிற்று. வாடிக்கையாளரும் இறங்கிவந்தார். என் வேலை தப்பியது.

வியாழக்கிழமை சாட்சியாரின் வயலுக்கு முறை நாள் என்பது அதற்குப் பிறகுதான் என் காதுக்கு வந்தது. ஆளைக் காணாமல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விட்டதாம். வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணை, முறையை விட்டிட்டு வந்திருக்கிறியள். என்னில அவ்வளவு நம்பிக்கையோ?"

உழவு இயந்திரத்தில் ஏறியவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"உம்மை நம்பியிருந்தா வயலில நிண்டிருப்பன்."