சிலுவை சுமந்த மாப்பிள்ளையும் மூக்கு மருந்தும்

கூச்சக்காரனுக்கு வாயில் வராத ஒரே சொல் 'முடியாது'. அதைச் சொல்லத் தெரியாத குற்றத்துக்காக நான் ஒருமுறை இயேசுநாதராக நேர்ந்தது.

எண்பதுகளின் தொடக்கம். தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், மெத்தை தலையணை செய்யும் கடையில், இலவம் பஞ்சு திணிக்கும் வேலை எனக்கு. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டவனுக்கு அது நல்ல வேலை. பஞ்சு யாரையும் கேள்வி கேட்காது. ஆனால் மூக்குக்குள் போகும். கடை திறந்ததும் தொடங்கும் தும்மல் பூட்டும்வரை நிற்காது. என் தும்மலால் ஊசியைக் கையில் குத்திக்கொண்டதாக எதிர்க்கடைத் தையற்காரர் அம்மாவிடம் புகார் செய்திருக்கிறார். வாசனை என்ற ஒன்றையே மறந்து பல வருடமாகியிருந்தது. (தட்டில் இருப்பது மீன் குழம்பா கத்திரிக்காய்க் குழம்பா என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்வேன்.)

அந்த வருடத் தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பாஸ்கா போட முடிவானது. இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் நடித்துக் காட்டும் நாடகம். வசனங்களை நல்ல குரல் உள்ளவர்கள் திரைக்குப் பின்னால் மைக்கில் பேசுவார்கள். மேடையில் இருப்பவர் வாயசைத்தால் போதும். ஃபாதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு விலா எலும்பு நல்லாத் தெரியுது சூசை. நீதான் ஆண்டவர்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். (அரை மணி நேரம் காத்திருந்தாலும் நான் திறந்திருக்க மாட்டேன்.)

தலைமுடி வளர்த்த ஆண்களுக்கு எங்கள் ஊர் அரசாங்க அலுவலகங்களில் எல்லோருக்கும் கடைசியில்தான் கவனிப்பு கிடைத்த காலம் அது. அதனால் சொந்த முடிக்குப் பதில் டோப்பா, கூடவே கம்பளி நூலில் தாடி. தாடி மூக்கில் உரசியதும் முதல் ஒத்திகையிலேயே சிலுவை ஆடும்படி தும்மினேன். ரோமாபுரிச் சிப்பாய் ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

இந்தச் சமயத்தில்தான் அம்மா எனக்குப் பெண் பேசினார். பெண் ரெஜினா, எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவள்தான். ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. நாடகத்தில் அவள் வெரோணிக்கா; சிலுவை சுமந்து போகும் இயேசுவின் முகத்தைத் துணியால் துடைப்பவள். அந்தத் துணியில் அவர் முகம் பதிந்துவிடும். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. (இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.) அவளுடைய அப்பா சவரிமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மனதில் பட்டதை அப்படியே இறக்கிவைப்பார்.

"பையன் நல்லவன்தான்லா. ஆனா எந்நேரமும் தும்முறானே, டிபி கிபி இருக்குமோ?" என்றார் அம்மாவிடம். "பாஸ்கா அன்னைக்கு முன்வரிசையில உட்கார்ந்து பார்க்கிறேன். தும்மாம முடிச்சான்னா மேற்கொண்டு பேசலாம்."

மற்றவர்களை மாப்பிள்ளை பார்க்க வீட்டுக்கு வருவார்கள். என்னைச் சிலுவையில் பார்ப்பதாக ஏற்பாடு.

மறுநாளே ரெஜினா வேலை செய்யும் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நெஞ்சில் ஒன்றுமில்லை, தூசி ஒத்துக்கொள்ளாத மூக்கு என்று சொல்லி, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து எழுதினார். ஸ்டீராய்டு என்றதும் எனக்குக் குஸ்திக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். சதை போட்டு விலா எலும்பு மறைந்தால் ஆண்டவர் வேடம் போய்விடுமே என்று கவலைப்பட்டேன். மருந்து கொடுக்கும் சன்னலில் ரெஜினா நின்றாள்.

"பயப்படாதீங்க, சொன்ன அளவுல அடிச்சா இது மூக்கோட நின்னுடும்" என்றாள். "நல்லாக் கேட்டுக்குங்க. குலுக்கிட்டு, தலையைக் கொஞ்சம் முன்னால குனிஞ்சு, தினம் காலையில ஒவ்வொரு பக்கமும் ரெண்டு தடவை. மூக்கு நடுச்சுவரைப் பார்த்து அடிக்கக் கூடாது. வெளிப்பக்கமா, காதைப் பார்த்துச் சாய்ச்சு அடிக்கணும். பலமா உறிஞ்சாதீங்க. இது உடனே கேட்கிற மருந்து இல்லை, ஒரு வாரம் ரெண்டு வாரம்கூட ஆகும், விடாம அடிக்கணும். கேட்கலையேன்னு கூட்டி அடிச்சா மூக்கு காய்ஞ்சு ரத்தம் வரும். வந்தா நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றேன்.

அவள் குரல் இனிமையானது என்பது மட்டும்தான் புரிந்திருந்தது. மற்ற நேரமெல்லாம் சன்னல் கட்டையில் ஊர்ந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் அடித்தேன். தும்மல் குறையவில்லை. தவக்காலத்தில் ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஒருவர் இறைச்சியை விடுவார், ஒருவர் சிகரெட்டை விடுவார். நான் மருந்தை விட்டேன். பயன் தராத ஒன்றை விடுவது சுலபம் பாருங்கள். மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் புட்டியை வைத்து, பாஸ்கா அன்றைக்கு மொத்தமாக அடித்துக்கொள்வோம், அதுவரை சக்தி சேரட்டும் என்று இருந்துவிட்டேன். (மருந்தை ஊறுகாய் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.)

பாஸ்கா நாள் வந்தது. கோயில் வளாகம் நிறையக் கூட்டம். திரை இடுக்கில் பார்த்தேன். முன்வரிசை நடுவில் சவரிமுத்து, கை கட்டிக்கொண்டு. என் மூக்கு அரிக்கத் தொடங்கியது. ஓரமாகப் போய்த் தலையை நன்றாக அண்ணாந்து, புட்டியின் மூக்கை என் மூக்குக்குள் செருகி, நேரே நடுச்சுவரைப் பார்த்து அழுத்தினேன். உறிஞ்சினேன். மறுபடி அழுத்தினேன். அரிப்பு நிற்கும்வரை விடவில்லை. மருந்து தொண்டையில் இறங்கிக் கசந்தது. கசந்தால் நல்ல மருந்துதானே என்று திருப்தியோடு மேடை ஏறினேன்.

தும்மல் வரவில்லை. பிலாத்துவின் அரண்மனையில் வரவில்லை, சாட்டையடியில் வரவில்லை. சவரிமுத்துவின் முகம்கூடக் கொஞ்சம் தளர்ந்தது போலிருந்தது. சிலுவையைத் தோளில் ஏற்றும்போது மேலுதட்டில் சூடாக எதுவோ இறங்கியது. தாடி நனைந்தது.

வெரோணிக்கா ஓடி வந்தாள். துணியை என் முகத்தில் ஒற்றி எடுத்தவள் அதைப் பார்த்து அதிர்ந்து நின்றாள்.

"இது நிஜ ரத்தம்!" என்றாள் உதடு அசையாமல். "நடுச்சுவர்ல அடிச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"எத்தனை தடவை?"

வாயைத் திறந்தால் வசனம் பேசுபவருக்குக் குழப்பம். ஒரு கையால் சிலுவையைப் பிடித்துக்கொண்டு மறு கையின் ஐந்து விரலையும் உயர்த்திக் காட்டினேன். ஆசி வழங்குகிறார் என்று நினைத்து முன்வரிசை முழுவதும் சிலுவை அடையாளம் போட்டது.

"அஞ்சா?"

மறுபடி உயர்த்தினேன். மறுபடி எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டார்கள்.

"பத்தா! ஒரு பக்கத்துக்கா?"

தலையாட்டினேன். அவள் கண்களை மூடிக்கொண்டாள். இப்படி ஒரு வெரோணிக்காவைப் பார்த்ததே இல்லை என்று பின்னால் ஊரே பேசியது. முகம் வரைந்து தயாராக வைத்திருந்த துணியைத் தூக்கிக் காட்டுவதற்குப் பதில், கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டிவிட்டாள். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

சிலுவையில் தலையைத் தொங்கப்போட வேண்டியவன், ரத்தம் நிற்கட்டும் என்று அண்ணாந்தே இறந்தேன். கல்லறைக்குள் போனதும் ஒப்பனைப் பெட்டியில் பஞ்சைத் தேடி எடுத்து இரண்டு மூக்குத் துளையிலும் திணித்தேன். திணிப்பது என் தொழிலாயிற்றே, பிரமாதமாகத் திணித்தேன்.

மணி அடித்தது. புகை எழும்பியது. வெள்ளை அங்கியோடு, கைகளை விரித்து, விளக்கு வெளிச்சத்தில் உயிர்த்தெழுந்தேன். கூட்டம் கைகூப்பியது. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி குரல் கொடுத்தார்.

"ஐயோ, மூக்குல வச்ச பஞ்சை எடுக்காமலே எழுந்துட்டாருலா!"

அழுத அத்தனை பேரும் சிரித்தார்கள். ஃபாதர் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். சவரிமுத்து மட்டும் சிரிக்காமல் எழுந்து வெளியே போனார்.

என் கல்யாணமும் அவரோடு சேர்ந்து நடந்து போவதை மேடையிலிருந்தே பார்த்தேன்.

ஆனால் அவர் போனது மேடைக்குப் பின்புறம். நான் வந்தபோது ரெஜினா என்னைப் பிடித்து உட்காரவைத்து, பஞ்சை உருவி, தலையை முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பகுதியை என் விரலாலேயே அழுத்திப் பிடிக்கவைத்தாள். "வாயால மூச்சு விடுங்க. அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்குத்தான் போகும்."

"பார்த்தியா, ரத்தம்!" என்றார் சவரிமுத்து. "நான் சொன்னேன்லா, டிபி!"

"டிபி இல்லப்பா. மருந்தைத் தப்பா அடிச்சிருக்காரு."

"சொன்னதைக் கேட்காதவனை நீ எதுக்குக் கட்டிக்கணும்?"

ரெஜினா ரத்தத் துணியை மடித்து வைத்தாள். "கிளினிக்குக்கு வர்றவங்க எல்லாரும் மருந்து விஷயத்துல பொய்தான்பா சொல்றாங்க. பத்து மாத்திரையை முழுங்கிட்டு ஒண்ணுன்னுவாங்க. இவரு சிலுவையைச் சுமந்துக்கிட்டே உண்மையைச் சொன்னாரு."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். மூக்கைப் பிடித்திருந்ததால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு வசதியாக நான் யார் முன்னும் உட்கார்ந்ததில்லை.

டாக்டர் திட்டினார். மூக்கு ஆறும்வரை மருந்தை நிறுத்தி, பிறகு மறுபடி தொடங்கச் சொன்னார். இந்த முறை குனிந்து, காதைப் பார்த்து, இரண்டே தடவை, ஒவ்வொரு காலையும். கடையில் மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். சில வாரம் கழித்து ஒருநாள் தேக்கா ஈரச் சந்தை வழியாகப் போனபோது குப்பென்று மீன் வாடை அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போக, நான் மட்டும் மீன் கடை முன்னால் நின்று சந்தோஷத்தில் கண் கலங்கினேன். மீன்காரர் பாவப்பட்டு விலையைக் குறைத்தார்.

அந்த வாரமே சவரிமுத்து எங்கள் கடைக்கு வந்தார். ஒவ்வொரு தலையணையாக எடுத்துத் தட்டினார், என் பக்கமாகவே தட்டினார். பஞ்சுத் தூசி பறந்தது. நான் தும்மவில்லை.

"ரெண்டு குடு" என்றார் கடைசியில். "கல்யாணத்துக்கு ரெண்டு வேணும்லா."

இப்போது எங்களுக்குக் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பங்கில் இன்றும் பாஸ்கா நடக்கிறது. திரை விலகுவதற்கு முன் ரெஜினா ஒரு டார்ச் விளக்கோடு மேடைக்குப் பின்னால் போவாள். புதிதாக வேடம் கட்டிய இளைஞர் குழப்பத்தோடு தலையை அண்ணாந்து காட்டுவார். அவள் இரண்டு மூக்குத் துளையிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்து, சரி என்று தலையசைத்த பிறகுதான், எங்கள் பங்கில் ஆண்டவருக்கு உயிர்த்தெழ அனுமதி.