நான் அழுத இடத்தை வெட்டிவிடவும்

வட்டகொடை,
செவ்வாய்க்கிழமை.

'குடும்பமும் நாமும்' நிகழ்ச்சியை நடத்தும் மதிப்பிற்குரிய மகள் கிருஷாந்திக்கு, தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெசினோடு காலமெல்லாம் மாரடித்து ஓய்வுபெற்ற ஆண்டியப்பன், மேல் லயத்து வரிசை வீட்டிலிருந்து வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு மாரியம்மன் புண்ணியத்தில் ஒருவரைத் தவிர யாவரும் சுகம். அந்த ஒருவர் நான்தான். அங்கு நீங்களும் கேமராத் தம்பியும் வேன் ஓட்டி வந்தவரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அட்டை கடித்த இடத்தைச் சொறிய வேண்டாம் என்று கேமராத் தம்பிக்குச் சொல்லுங்கள். சொறிந்தால் மாதக் கணக்கில் அரிக்கும்.

விசயம் என்னவென்றால், வருகிற சனிக்கிழமை நீங்கள் போடப்போகும் நிகழ்ச்சியில் என் வீட்டில் பிடித்ததைப் போடவே கூடாது. போட்டே தீருவதென்றால் நான் அழுத இடத்தையாவது வெட்டிவிட வேண்டும். என் சம்சாரம் மீனம்மா ராகலையில் எங்கள் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாக உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பச்சைப் பொய். அவள் என்னோடு கோபித்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவில், தன் தங்கச்சி அழகம்மா வீட்டில் இருந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். நடுவிலே ஒரு சுவர்தான், ஆனாலும் அவளை இந்தப் பக்கம் திரும்ப வரவைக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

சண்டைக்குக் காரணம் யார் என்று கேட்டால், கோபிக்காதீர்கள் மகள், நீங்கள்தான். ஓய்வுபெற்ற நாளிலிருந்து உங்கள் நிகழ்ச்சியை ஒரு சனிக்கிழமை விடாமல் பார்க்கிறேன். பார்ப்பதோடு நிற்காமல் நீங்கள் சொல்வதைக் கடைப்பிடிக்கவும் கிளம்பினேன், அதுதான் வினை. ஒரு கிழமை, கணவனும் மனைவியும் குறைகளை மனம்விட்டுப் பேச வேண்டும் என்றீர்கள். நான் உடனே அவளுடைய குறைகளையெல்லாம் மனம்விட்டுச் சொன்னேன். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அப்போதுதான் அவள் வீட்டுக்குள் கால் வைத்திருந்தாள். கேட்டுக்கொண்டே, அன்றைய சம்பலில் என் நாக்கு எரியுமளவுக்குக் கொச்சிக்காயை அள்ளிப் போட்டாள். அடுத்த கிழமை, ஆண்கள் அடுப்படியில் உதவ வேண்டும் என்றீர்கள். உதவினேன். ரொட்டி சுடுகிறேன் பேர்வழி என்று ஈர விறகை வைத்து ஊதி ஊதி, லயம் முழுக்கப் புகை மண்டி, நெருப்புப் பிடித்துவிட்டதென்று ஆட்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். நான் சுட்ட ரொட்டியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்கும் அவள் சிரித்தாளே தவிரக் கோபிக்கவில்லை.

அதற்கும் அடுத்த கிழமைதான் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். மனைவி பேசும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று நீங்கள் அழகாக விளக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து மீனம்மா அடுப்படியிலிருந்து வந்து, பக்கத்தில் நின்றுகொண்டு என்னவோ சொல்கிறாள். மறுபடியும் அதையே சொல்கிறாள். எனக்கு வந்ததே எரிச்சல். "செத்த சும்மா இரு மீனம்மா! பொண்டாட்டி பேசுறத எப்படிக் கேக்கணும்னு அந்தப் புள்ள சொல்லிக்கிட்டிருக்கு, அதக் கேக்க வுடுறியா?" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்த பிறகும் அதிலிருந்த கோளாறு என் மண்டையில் ஏறவில்லை. அவள் கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். "நீங்க அதையே கேட்டுக்கிட்டிருங்க. நான் என் தங்கச்சிகிட்ட பேசிக்கிறேன்" என்றாள். போய்விட்டாள்.

இந்த இலட்சணத்தில்தான், நான் அனுப்பிய பாராட்டுத் தபாலட்டைகளைப் பார்த்துவிட்டு, 'நேயர் இல்லம்' பகுதிக்கு என் வீட்டைப் படம்பிடிக்க வருவதாக டெலிபோன் எடுத்தீர்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்காது மகள். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கமிருந்து நூறாயுசு என்பார்கள். இரகசியம் பேச வேண்டுமென்றால் தேயிலைக்குள்ளே போய்த்தான் பேசுவோம். பிறந்ததிலிருந்து தெரிந்த இந்தச் சங்கதி, நீங்கள் என் சட்டையில் மைக்கைக் குத்தி, "பக்கத்தில் யாருமே இல்லை என்று நினைத்துப் பேசுங்கள் ஐயா" என்றதும் எனக்கு அடியோடு மறந்துபோனது. மெசின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை வேறு. என் மனைவி சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுத்தான் நடக்கிறேன் என்று நான் முழங்கியபோது 'டங்'கென்று ஒரு சத்தம் கேட்டதே, பூனை என்றேனே, அது பூனை அல்ல. அழகம்மா வீட்டு ரொட்டிக்கல். அவள் ராகலையில் இருக்கிறாள் என்றபோது லயமே சிரித்தது. நீங்கள் பாவம், அக்கம்பக்கத்தில் எல்லாரும் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள். "அம்மா ஊருக்குப் போகுமுன் உங்களிடம் கடைசியாக என்ன ஐயா சொன்னார்?" சாதாரணக் கேள்விதான். அன்றைக்கு வந்து நின்று திரும்பத் திரும்பச் சொன்னாளே, என்ன சொன்னாள்? முழங்கால் வலி என்றாளா, அரிசி தீர்ந்துவிட்டது என்றாளா, மகளுக்கு ஏதாவதா? எவ்வளவு யோசித்தும் உங்கள் குரல்தான் ஞாபகத்துக்கு வந்தது, அவள் குரல் வரவில்லை. அதற்குத்தான் அழுதேன். மனைவி மேல் இவ்வளவு பாசமா என்று நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இதைப் போட்டால் ராகலைச் சம்பந்தி வீட்டார் பார்த்துவிட்டு, மீனம்மா எங்கே என்று தங்கள் வீட்டுக்குள்ளேயே தேடுவார்கள். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் சண்டையை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டேன் என்று அவள் அந்தப் பக்கமே தங்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஆகையால் தயவுசெய்து போட வேண்டாம். நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற நல்ல மாப்பிள்ளையாக உங்களுக்கு அமைய வேண்டும், கேமராத் தம்பியின் காலும் ஆற வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நேயர்
ஆண்டியப்பன்

பி.கு.: பிழை பார்ப்பதற்காக இதை ஒரு தடவை வாய்விட்டு வாசித்தேன். வாசித்து முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மீனம்மாவின் குரல்: "என்ன சொன்னேன்னு இப்பவாச்சும் கேக்கலாம்ல?" கேட்டேன். "வர்ற மாசத்தோட மலைக்குப் போறத நிறுத்திக்கிறேன்னு தொரைகிட்ட சொல்லிட்டேன். இனிமே நானும் உங்க பக்கத்துல குந்திக்கிட்டு அந்த நிகழ்ச்சியப் பாக்கட்டுமான்னுதாங்க கேட்டேன்" என்றாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கம்பளியோடு அவளே வந்துவிட்டாள். ஆகையால் மேலே எழுதியது அத்தனையும் இரத்து. சனிக்கிழமை தவறாமல் போடவும். நான் அழுத இடத்தை வெட்டவே வேண்டாம், அவளுக்கு அதைத்தான் பார்க்க வேண்டுமாம். ஆனால் நிகழ்ச்சி முடியும்வரை அவள் பேசிக்கொண்டேதான் இருப்பாள். நீங்கள் சொல்வது எதுவும் அன்றைக்கு என் காதில் விழாது, மன்னிக்கவும்.