இரண்டாவது ஏழு

புதன்கிழமை ஆகியும் கமலக்கண்ணனை யாரும் திட்டவில்லை.

திட்டு வாங்கத்தான் அவர் அந்தத் தப்பையே செய்தார். உப்பளம் பகுதியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கும் மில் குமாஸ்தா. கல்யாணம் கைகூடவில்லை. உள்ளூர் ஞாயிறு இதழுக்கு வாரா வாரம் சுடோகு அமைத்துத் தபாலில் அனுப்புவார்; அந்த ஆபீசில் அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. சாதா சுடோகு அவருக்குப் பிடிக்காது. மூலைக்கு மூலை போகும் கோடுகளிலும் எந்த எண்ணும் இரண்டு முறை வரக்கூடாது என்று கூடுதலாக ஒரு விதி வைப்பார். இத்தனை நாளில் 'போட்டுப் பார்த்தேன்' என்று ஒரு ஜீவன் சொன்னதில்லை. ஊரில் ஒருத்தராவது இதைப் போடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள, இந்த வாரம் மூலைக்கோட்டில் வேண்டுமென்றே இரண்டு ஏழு வைத்து அனுப்பினார். தன் தப்பை அச்சில் பார்க்க மனம் வராமல், வந்த இதழைப் பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஒருவரும் கேட்கவில்லை. அழுகை வந்தது. சரி, நாமே கேட்டுவிடலாம் என்று, யாருக்கும் அடையாளம் தெரியாமலிருக்கக் கோரிமேடு வரை பஸ் ஏறிப் போய், ஒரு ரூபாய் போனில் காசு போட்டார்.

"போன்ஜூர்! பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்குற சொல்தா இராமதாஸ் பேசுறேன்," என்றார் கரகரப்பாக. "சுடோகுல தப்பு இருக்கு!"

"எந்த எடத்துல சார்?" எடுத்தவர் நிர்மலாதேவி. அந்த இதழில் பக்கம் கட்டி அச்சுக்கு அனுப்புவதும் அவர்தான், போன் எடுப்பதும் அவர்தான்.

"மூலைக்கோட்டுல ரெண்டு ஏழு!"

"அப்படிங்களா..." என்று நிதானமாக இழுத்துவிட்டுப் போனை ஆசிரியரிடம் கொடுத்தார்.

ஒரு போன் போதாது என்று தோன்றியது. மறுநாள் வைத்திக்குப்பம் சின்னக்கண்ணுவாகவும் கத்திவைத்தார். அன்று மாலையே ஆசிரியர் அரிகிருஷ்ணன் மில்லுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டார்.

"என்ன கமலக்கண்ணன், ஊரே திட்டுது! எனக்கு அந்தக் கட்டம் ஒண்ணும் புரியல. பேசாம அங்க ராசிபலன் போட்டுடுறேன்."

சுடோகுவும் போய்விட்டால் அந்த அறையில் என்னதான் செய்வது? கமலக்கண்ணன் ஓடிப்போய்க் கலைவாணன் என்ற பெயரில் ஆசிரியரிடம் போனில் பேசினார்.

"அத நிறுத்திடாதீங்க சார். தப்பு இருந்தா இருக்கட்டும். வூட்ல பேச்சுத் துணைக்கு ஆளு இல்ல. அது ஒண்ணுதான் இருக்கு." இதற்கு மட்டும் குரலை மாற்ற மறந்துவிட்டார்.

ஆசிரியர் உருகிப்போனார். "சனிக்கிழமை ஆபீசுக்கு வாங்க தம்பி. சுடோகு போடுறவரையும் வரச் சொல்றேன். ரெண்டு பேரையும் சேத்துப் படம் எடுத்துப் போடுவோம்!"

சனிக்கிழமை. மெதுவடை, காபி, எதிரே ஒரு காலி நாற்காலி. கலைவாணனாக வந்து உட்கார்ந்து, தன் வருகைக்காகத் தானே காத்திருந்தார் கமலக்கண்ணன். பொறுமை இழந்த ஆசிரியர், போட்டோகிராபரையும் இழுத்துக்கொண்டு தெருவைப் பார்க்கப் போனார்.

"வரமாட்டாரு மேடம்," என்றார் நிர்மலாதேவியிடம், தலையைக் குனிந்துகொண்டு. "கமலக்கண்ணன் நான்தான். போன் பண்ண மூணு பேரும் நான்தான். நெசமா அதைப் போடுறவங்க இந்த ஊர்ல யாருமே இல்ல. ரெண்டு ஏழு வச்சேன், ஒருத்தரும் கண்டுபிடிக்கல."

நிர்மலாதேவி அந்த வார இதழைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார். பிறகு அந்தக் காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அச்சுல எங்க சார் ரெண்டு ஏழு இருக்கு? வாரா வாரம் நான் போட்டுப் பாத்துட்டுதான் பக்கத்த அனுப்புறேன், அந்த ரெண்டாவது ஏழுக்குப் பதிலா மூணு போட்டதே நான்தான்."