ஒரு டம்ளர் கஞ்சியும் எழுபத்திரண்டு படிகளும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். அங்கு தாங்களும் தங்கள் வாணலியும் நலமாக இருப்பதை, மாதம் தவறாமல் வந்து இறங்கும் டின்னைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.

ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல், ஒன்பது தானியங்களை வறுத்து, சுக்கு, மிளகு, ஏலக்காய் சேர்த்துத் தாங்கள் அரைத்து அனுப்பும் கஞ்சிமாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதல் டின் வந்தபோது, வாயில் வைத்துக்கூடப் பார்க்காமல், மரியாதைக்காக ‘அமிர்தம்’ என்று தங்களுக்கு எழுதிப் போட்டேன். அதை இவளும் படித்துவிட்டது என் கெட்ட நேரம். மறுநாள் காலையில் காப்பி நின்றது. அந்த இடத்தில் ஒரு டம்ளர் கஞ்சி வந்து உட்கார்ந்தது.

எனக்கோ சுக்கு வாசனை பட்டாலே சின்ன வயதுக் காய்ச்சலெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும். சமையலறைத் தொட்டியில் கொட்டலாமென்றால் அங்கே இவள் நிற்கிறாள். பூச்செடிக்கு ஊற்றிப் பார்த்தேன். மண் பாறையாக இறுகி, இரண்டே நாளில் விசாரணை வந்தது. கடைசியில், ‘கீழே போய்க் காற்றாடக் குடிக்கிறேன்’ என்று சொல்லி, டம்ளரை மூடி எடுத்துக்கொண்டு நான்கு மாடி இறங்கி, வாசலில் கடை போட்டிருக்கும் தையல்காரரிடம் கொடுக்க ஆரம்பித்தேன். லிஃப்டில் நாலு மாதமாகப் ‘பழுது’ என்று அட்டை தொங்குகிறது. எழுபத்திரண்டு படிகள். முப்பத்திரண்டு வருடம் மின்சார மீட்டர் கணக்கெடுத்து, ஊரிலிருக்கும் மாடியெல்லாம் ஏறி இறங்கியவன் நான். ஓய்வு பெற்ற அன்று, இனி ஒரு படிகூட ஏறுவதில்லை என்று சொல்லித்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

போன வாரம் டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, கருவி கோளாறோ என்று இன்னொரு முறையும் பார்த்தார். “என்ன சார் பண்றீங்க? எதுவா இருந்தாலும் விடாதீங்க” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், “எங்க அண்ணன் அனுப்புற கஞ்சி டாக்டர்” என்று இவள் முந்திக்கொண்டாள். அன்றிலிருந்து சாயங்காலமும் ஒரு டம்ளர். தையல்காரர் தன் கால்சட்டையின் இடுப்பைத் தானே பிரித்துத் தைத்துக்கொள்கிறார். “இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தா இன்னும் நல்லாருக்கும் சார்”னு எங்கிட்டயே சொல்றார். முடியல மச்சான். முட்டி ரெண்டும் விட்டுப்போச்சு. நாலு மாசமா ஒரு வாய் காப்பி கிடையாது. அரைக்கிற மிஷின் கெட்டுப்போச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்க, கோடிப் புண்ணியம்.

தபால் பெட்டி தெருக்கோடியில் இருப்பதால் இதைத் தையல்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாலு மாதமாக ரகசியம் காப்பவர், நம்பிக்கையான ஆள். பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தீர்க்காயுசாக, காப்பி குடித்து வாழட்டும்.

இப்படிக்கு,
ஓய்ந்துபோன தங்கள் மைத்துனன்

பி.கு.: அண்ணா, இது நான். தையல்காரர் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்தையும் நேராக மேலே கொண்டுவந்து கொடுத்தார். நடக்கச் சொல்லி டாக்டர் இரண்டு வருடம் கெஞ்சியும் இவர் நாற்காலியை விட்டு எழவில்லை. போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லிஃப்ட் மூன்று மாதத்துக்கு முன்பே சரியாகிவிட்டது. இவர் இறங்குகிற நேரத்துக்கு மட்டும் காவலாளி அட்டையை மாட்டிவைக்கிறார். அதனால் மாவை நிறுத்திவிடாதே. அடுத்த டின்னில், தையல்காரர் கேட்டபடி, இனிப்பை மட்டும் கொஞ்சம் கூட்டிவிடு.