பார்த்தேன் என்று எழுதிய நாரைகள்

சீர்காழி,
ஆவணி 24

அன்பு மகள் மதிவதனிக்கு,

உன் பெரியப்பா மருதையன் எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மா ராமாயியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கடிதத்தின் நடுவில் வரும். நீயும் உன் ஆராய்ச்சியும் அங்கே நலமாக இருக்கவேண்டும் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்த ஆராய்ச்சியைக் கெடுத்தவனே நான் என்பதால் கை வரவில்லை. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் தபால்.

மாசி மாதம் நீ வந்து, குளத்து மரங்களில் இருந்த நத்தைகுத்தி நாரைக் குஞ்சுகள் முப்பத்திரண்டுக்குக் காலில் பச்சை வளையம் மாட்டினாய். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு எழுத்து. புதனும் ஞாயிறும் வயல்வெளியைச் சுற்றி, கண்ணில் பட்ட வளையத்துக்கு ஒன்று, படாததற்குச் சுழியம் என்று தாளில் போட்டு, போனில் படமெடுத்து உனக்கு அனுப்பவேண்டும். பிறந்த குஞ்சுகளில் எத்தனை முதல் வருஷத்தைத் தாண்டுகின்றன என்று அதை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்றாய். முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ்ஸில் தலை எண்ணிய கண்டக்டருக்கு முப்பத்திரண்டு நாரை பெரிய காரியமா என்று நானும் மார்தட்டினேன். பஸ்ஸில் ஏறியவன் பஸ்ஸுக்குள்தான் இருப்பான், மகளே. நாரை அப்படி இல்லை. ஆனி மாதம் குறுவை நடவு நடந்த வயலோரம் பைனாகுலரும் கையுமாக நின்றேன். "பெரியவரே, நாரை அந்தப் பக்கம் நிக்குது, கண்ணாடி மட்டும் இந்தப் பக்கம் பாக்குதே?" என்று ஒரு பெண் சத்தம் போட்டாள்; நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி உன் பெரியம்மாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வாரம், வளையம் போட்ட நாரை நிற்கும் வயலுக்கு அரசாங்க நிவாரணம் உண்டு என்று யாரோ கிளப்பிவிட, மளிகைக்கடை அப்துல் வஹாப் ஆதார் நகலோடு வந்து, "அண்ணே, நம்ம வயல்ல ரெண்டைக் கொஞ்சம் நிக்க வைக்க முடியுமா?" என்று கேட்டார். அதற்கடுத்த வாரம் எழுத்தைப் படிக்கிறேன் என்று பின்னாலேயே நடந்து வாய்க்காலில் விழுந்தேன். தாள் நனைந்தது, முட்டி பெயர்ந்தது, நாரை திரும்பிப் பார்த்துவிட்டு நத்தையைத் தின்றது.

இதெல்லாம் உனக்குத் தெரியும், சிரித்தாய். தெரியாததைச் சொல்கிறேன். ஆனிக் கடைசியில் இருபத்தாறு வளையம் பார்த்தேன். ஆடி நடுவில் பத்தொன்பது. ஆவணி பிறந்தபோது எட்டு. "காணலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல பெரியப்பா. வேற ஊருக்குப் போயிருக்கலாம், நீங்க பாக்கத் தவறியிருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் நாங்க கணக்குப் போடுவோம். நீங்க பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்! ஆனாலும் அந்தச் சுழியங்களை வரிசையாகப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மகள் வெயிலில் மரமேறி மாட்டியதாயிற்றே என்று, ஆடி நடுவில் பார்த்து அப்புறம் காணாமல் போன நாரைகளுக்கு ஒன்று போட ஆரம்பித்தேன். முதலில் இரண்டு, பிறகு ஐந்து. ஆவணி முதல் புதனன்று நான் பார்த்தது எட்டு. தாளில் இருப்பது பத்தொன்பது.

போன ஞாயிறு ராமாயியின் தம்பி சேரன் வீட்டில் காதுகுத்து. மத்தியானப் பந்தியில் ஆட்டுக்கறியோடு உப்புக்கண்ட வறுவல் ஒன்றும் இருந்தது. நன்றாக இருந்தது. கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் தின்றேன். கை கழுவி வந்தபோது சேரன் வண்டிச் சாவியை மேசையில் போட்டான். சாவிக் கொத்தில் பச்சையாக நாலு வளையம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

"மாப்ள, இது எங்க கெடைச்சுது?"

"நாத்தங்கால மிதிச்சுத் தொலைக்குதுங்க மச்சான். வலை கட்டுனேன். கொட்டகையில இன்னும் ஏழு கெடக்கு, வேணுமா?"

"நாரைய என்னடா பண்ணுன?"

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "இப்ப ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே மச்சான், அது என்னன்னு நெனைச்சீங்க?"

பந்தலுக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மோர் கொடுத்தார்கள். பதினோரு வளையத்தையும் சேரனிடம் வாங்கி வந்து வீட்டில் தாள்களோடு ஒத்துப் பார்த்தேன். ஆடிக் கடைசியிலேயே முடித்துவிட்டேன் என்று சேரன் சொன்ன பதினொன்றுக்கும், நான் ஆவணியில் ஒன்று போட்டிருக்கிறேன். அவை உப்புக்கண்டமாகக் காய்ந்த நாட்களில் என் தாளில் வயலில் மேய்ந்திருக்கின்றன. நான் உள்ளபடி சுழியம் போட்டிருந்தால், திடீரென்று இத்தனை குறைகிறதே என்று நீ அப்போதே கிளம்பி வந்திருப்பாய். அது தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வனத்துறைக்குச் சொல்லலாம் என்றதும் ராமாயி அழுதுவிட்டாள். "எங்கூடப் பொறந்தவன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தத் தெருவுல நடக்கறது?" என்கிறாள். அதனால் கேட்கிறேன்: வலையில் இறந்தன என்று மட்டும் எழுதிக்கொள், யார் வலை என்று எழுதாதே. நான் பொய்யாகப் போட்ட ஒன்றுகளையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துத் தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். பதினோரு வளையமும் உள்ளே இருக்கிறது. பைனாகுலரை நாளை பார்சலில் போடுகிறேன். இந்த வேலைக்கு நேர்மையான வேறு ஆளைப் பார். எனக்குத் தகுதியில்லை.

உன் படிப்பு நல்லபடி முடியவேண்டும், நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் இருவரும் வாழ்த்துகிறோம். உன் அப்பாவுக்கு என் அன்பைச் சொல், விஷயத்தைச் சொல்லாதே.

இப்படிக்கு,
மருதையன்

பி.கு.: மேலே உள்ளதில் பாதியை அடித்துவிடு. இன்று காலை தபாலாபீசுக்குக் கிளம்பியபோது ராமாயி வீட்டில் இல்லை. பைனாகுலரும் இல்லை, அரிவாளும் இல்லை. ஓடினேன். நாற்றங்காலில் வலை துண்டுதுண்டாகக் கிடக்கிறது, வரப்பில் சேரன் கத்திக்கொண்டு நிற்கிறான், அவள் முட்டியளவு சேற்றில் ஒரு நாரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தம்பி சொன்னது நிஜமா என்று பார்க்க வந்தாளாம்; முடித்துவிட்டேன் என்றவன் முடிக்கவில்லை. இரண்டு சிக்கியிருந்ததாம். ஒன்று செத்துவிட்டது. இதற்கு இறக்கை ஒடிந்திருக்கிறது. "யார் வலைன்னு பேரோட எழுதிக்கச் சொல்லுங்க" என்றாள் தம்பியின் முகத்துக்கு நேராகவே. வனத்துறைக்கும் அவளே போன் செய்துவிட்டாள். ஆள் வர மத்தியானமாகுமாம். இரண்டுக்குமே காலில் வளையம் இல்லை, அதனால் நம் தாளில் எங்கே எழுதுவதென்று தெரியவில்லை. பைனாகுலரை அனுப்பவில்லை. நாரை வாயைப் பிளந்துகொண்டே இருக்கிறது. நான் நத்தை பொறுக்கக் கிளம்புகிறேன்.