பங்களாவின் பின்சுவர்

பழைய ஜமீன் பங்களாக்களைச் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களே, எதிலாவது பின்சுவர் வரைக்கும் நடந்ததுண்டா? இல்லையென்றால், 'பங்களாப் பெருமையர்' என்னும் உயிரினத்தின் கையில் நீங்கள் சிக்கியிருக்கிறீர்கள்.

விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் போகும் வழியில் அந்த இனத்தில் ஒருவர் இருக்கிறார். பெயர் பழமலைநாதன். காரில் வந்து இறங்குபவரை வாசலிலேயே மடக்கி, பர்மா தேக்குத் தூணைத் தட்டச் சொல்லி, தட்டிய சத்தத்தைக் கேட்கச் சொல்லி, செருப்பில்லாமல் தளத்தில் நடக்கவிட்டு, "குளிருதா?" என்று கேட்டு, குளிருகிறது என்று சொல்லும்வரை நகரவிடாமல், சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் அரைத்த கதையை அவர் முடிப்பதற்குள் வந்தவருக்குப் பசியெடுத்துவிடும். வீட்டின் வயது ஆளைப் பொறுத்தது. தாசில்தார் வந்தால் நூற்றைம்பது. சென்னைக் கார் வந்தால் இருநூறு. வெள்ளைக்காரர் வந்தால் முந்நூறு. "எங்க கொள்ளுத் தாத்தா கட்டினாரு" என்பார், என்னவோ அந்தப் பெரியவரே சித்தாள் வேலையும் பார்த்ததுபோல. முட்டையிட்ட கோழியின் வம்சத்தைக் கேளுங்கள், சொல்லுவார். கொத்தனாரின் பெயரைக் கேட்டுவிடாதீர்கள்.

இப்போது வீட்டின் வரலாற்றைப் பீங்கான் பலகைகளில் எழுதிச் சுவரெங்கும் பதிக்க ஆசை. விருத்தாசலத்தில் பீங்கானுக்கா பஞ்சம்? சூளை வைத்திருக்கும் ஆதிலட்சுமியை வரவழைத்தார். பதினாறு பலகை. ஆதிலட்சுமி அளவெடுத்தபடியே பின்னால் நடந்தார். பதினைந்து இடங்களில் அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டார். பதினாறாவது, பின்சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சதுர ஓட்டை.

"இதுக்கு 'காற்றுச் சாளரம், முன்னோர் விஞ்ஞானம்'னு எழுதிடும்மா."

ஆதிலட்சுமி குனிந்து பார்த்தார். உள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்த வழவழப்பான கல். அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது நாளெல்லாம் நடவு நட்டுவிட்டு அதன் கீழேதான் சட்டியை ஏந்தி நின்றார். உள்ளே இருப்பவர்கள் தொடாமல், கிட்டே வராமல் கூழ் ஊற்றுவதற்கென்றே கட்டிய வழி அது.

"காத்து வர்றதுக்குச் சரிவா கல்லு எதுக்குங்க? காத்து என்ன சறுக்கிக்கிட்டா வருது?"

"அதெல்லாம் பழங்கதைம்மா. வூட்டச் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு மனசு சங்கடப்படும்ல?"

"எங்கம்மா சட்டியோட நின்னப்ப யாருக்குங்க சங்கடமா இருந்துச்சு?"

"சொன்னத எழுது. ஊர்ல வேற சூளையே இல்லியா?"

முந்நூறு வருடப் பெருமை. ஒரு வரி உண்மையைத் தாங்கத் தெம்பில்லை!

சூளையில் வெந்த எழுத்தை அழிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். அம்மா ஏந்திய கூழைக் காற்று என்று தன் கையாலேயே எழுதிச் சுட ஆதிலட்சுமிக்கு மனம் ஒப்பவில்லை. பதினைந்தைக் கேட்டபடி சுட்டார். பதினாறாவதில், 'வயலில் உழைத்தவர்களை உள்ளே விடாமல் கூழ் ஊற்றிய ஓட்டை' என்று எழுதி, சுட்டு, கொண்டுபோய்க் கொடுத்தார். பழமலைநாதன் படித்தார். பதினைந்தைப் பதித்தார். அந்த ஒன்றை மட்டும் வைக்கோல் அடைத்த பெட்டிக்குள்ளேயே மூடி மாடிப்படிக்கு அடியில் தள்ளினார். உடைக்கவும் தைரியமில்லை.

சிரிக்கிறீர்களா? 'எங்கள் தாத்தா கட்டிய வீடு' என்று போன பொங்கலுக்கு நீங்களும்தான் யாரிடமோ அளந்தீர்கள். முதலில் அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரம் பஸ் ஏறி வாருங்கள். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பழமலைநாதனைக் கேளுங்கள். தனியாக மட்டும் வந்துவிடாதீர்கள்; ஒருவர் கேட்டால் திறக்கமாட்டார், கூட்டமாகக் கேட்டால் திறந்துதான் ஆகவேண்டும்.