பதினேழாவது கேள்விக்கு விடை பி

தேர்வு அறையில் யாரோ பேனாவால் தட்டினார்கள். பிறகு பேனாவை மேஜையில் ஒரு இழுப்பு இழுத்தார்கள்.

டக். சர்ர்க்.

விரிவுரையாளர் வினாத்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். மேற்பார்வைக்கு உட்காரும்போதெல்லாம் வினாத்தாளைத் தானும் ஒருமுறை மனசுக்குள் போட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். குளிர்பெட்டி பழுதுபார்க்கும் படிப்பு. முப்பத்திரண்டு பேர், ஐம்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டி என்று நாலு விடை கொடுத்திருக்கும். சரியானதை வட்டமிட வேண்டும்.

"யாருய்யா அது?"

முப்பத்திரண்டு தலைகளும் குனிந்தே இருந்தன. குனிந்த தலை எதையோ மறைக்கிறது என்பது அவர் அனுபவம். நிமிர்ந்த தலையும் அப்படித்தான்.

மோதிரத்தைத் திருகினார். சந்தேகம் வந்தால் திருகுவார். மனைவி போன பிறகு விரல் இளைத்து, மோதிரம் நூல் சுற்றித்தான் நின்றது.

மாணவர்கள் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தேர்வு முடிந்ததும் பின்வரிசைத் தூங்குமூஞ்சியை நிறுத்தினார். இருபத்தாறு வயது ஆள். இரவெல்லாம் ரொட்டி அடுப்பில் வேலை பார்த்துவிட்டு, பகலில் வகுப்புக்கு வந்து தூங்குகிறவன்.

"தட்டினது நீதானே?"

"கை தன்னால தட்டுது சார். கிளாஸ்ல எல்லாருக்கும் இப்படி ஆயிருச்சு. கேம் சார்."

கைபேசியை எடுத்துக் காட்டினான். விளையாட்டின் பெயர் 'நாலு கதவு'. ஒரு கைதி சிறையிலிருந்து தப்பிக்கிறான். ஒவ்வொரு அறையிலும் ஏ, பி, சி, டி என்று நாலு கதவுகள். எது சரியான கதவு என்பதற்குச் சுவரில் துப்பு இருக்கும். கதவு திறக்க, அந்த எழுத்தை மோர்ஸ் குறியில் தட்ட வேண்டும். அந்தக் காலத்துத் தந்திக்காரர்களின் பாஷை. புள்ளிக்கு ஒரு தட்டு, கோட்டுக்கு ஒரு இழுப்பு.

"ஏ எப்படி?"

"டக், சர்ர்க்."

"பி?"

"சர்ர்க், டக், டக், டக். உங்களுக்கு வேணும்னா போட்டுத் தரவா சார்?"

விரிவுரையாளர் விரல்விட்டு எண்ணினார். ஐம்பது கேள்வி, நாலு எழுத்து. ஒரு பேனா போதும்.

அந்தத் தேர்வில் வகுப்பின் சராசரி இருபத்தொன்று. தூங்குமூஞ்சி பதினொன்று வாங்கியிருந்தான். ஆக, திருட்டு இன்னும் தொடங்கவில்லை, ஒத்திகை நடக்கிறது என்று முடிவு செய்தார்.

முதல்வரிடம் சொன்னார்.

"பேனாவைத் தட்டுறதுக்கெல்லாமா விசாரணை? விடுங்க சார்," என்றார் முதல்வர்.

இவர் ஏன் விடச் சொல்கிறார் என்று விரிவுரையாளர் அதையும் மனசில் குறித்துக்கொண்டார்.

பாம்பின் கால் பாம்பறியும். அவர்கள் பாஷை தெரியாமல் அவர்களைப் பிடிக்க முடியாது. அன்று மாலையே விளையாட்டைத் தன் கைபேசியில் ஏற்றினார். ஆராய்ச்சிக்காக மட்டும். முதல் நாள் மூன்று அறை தாண்டினார். மூன்றாவது வாரம் இருநூற்றுப் பதினாறாவது அறையில் இருந்தார். பேருந்தில், கழிவறையில், சவரக்கடையில் என்று எல்லா இடத்திலும் ஆராய்ச்சி நடந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அக்காவுக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. குடும்பக் குணம்.

"யார்கூடடா எந்நேரமும் அதுல?"

"ஒரு கைதிகூட."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அக்கா, இது ஆராய்ச்சி."

"சாப்பாட்டு மேஜை பூரா கீறல் விழுந்திருக்கே, அதுவும் ஆராய்ச்சியா?"

"நான் எதுக்கு மேஜையைக் கீறப்போறேன்?"

"இந்த வீட்ல இருக்கறது ரெண்டு பேரு. நான் கீறல."

அன்றிலிருந்து அக்காவின் வளையலின் மேல் ஒரு கண் வைத்தார்.

இரண்டாம் தேர்வுக்கு அவர் தயாராக இருந்தார். எந்த எழுத்தை யார் தட்டினாலும் அந்த நொடியே பிடித்துவிடுவார். பின்பக்கம் நாற்காலியும் மேஜையும் போட்டு, வழக்கம்போல் வினாத்தாளை விரித்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம். ஒரு பேனாகூடத் தட்டவில்லை.

நிம்மதியாக விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். முதல் ஆளுக்கு நாற்பத்தொன்பது. இரண்டாவது ஆளுக்கும் அதே. மூன்றாவதும் அப்படியே. பத்தாவது தாளில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முப்பத்திரண்டு பேருக்கும் நாற்பத்தொன்பது. முப்பத்திரண்டு பேரும் பதினேழாவது கேள்வியில் விழுந்திருந்தார்கள்.

கேள்வி இதுதான்: குளிர்பெட்டிக்குள் விளக்கு எரிகிறது, ஆனால் குளிரவில்லை. முதலில் எதைச் சோதிப்பீர்கள்? தலைமை அலுவலகம் அனுப்பிய விடை சி: குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று. எல்லோரும் வட்டமிட்டிருந்தது பி: வாயுக் கசிவு.

"நீங்க என்ன சொல்லிக்குடுத்தீங்க?" என்று கேட்டார் முதல்வர்.

"பிதான் சார். இருபது வருஷமா பிதான். எதுலயும் மொதல்ல கசிவைத்தான் சந்தேகப்படணும்."

"அப்போ ஒழுங்காப் படிச்சிருக்காங்க. வேறென்ன?"

"தூங்குமூஞ்சி நாப்பத்தொம்பது வாங்கியிருக்கான் சார். குளிர்பெட்டிக்கு முன்பக்கம் எதுன்னு அவனுக்குத் தெரியாது."

முதல்வர் இப்போது விடச் சொல்லவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வகுப்பு முழுவதும் அந்த ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். மேற்பார்வையாளர் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றப்படுவார்.

விரிவுரையாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இருபது வருடத்தில் அவரைத் தாண்டி ஒரு துண்டுச் சீட்டு உள்ளே போனதில்லை. வீட்டில் பேச ஆளில்லாத நாட்களில்கூட, நாளைக்குத் தேர்வு இருக்கிறது என்ற நினைப்பில் எழுந்து சட்டை போட்டிருக்கிறார். இனி கிடங்கில் உட்கார்ந்து திருகாணி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் தேர்வுக்குப் பேனா கிடையாது, பென்சில் மட்டும். ஒவ்வொரு மேஜை மேலும் மடித்த துணி விரித்தார். செருப்பையும் காலணியையும் வாசலில் கழற்ற வைத்தார். மின்விசிறிச் சத்தத்தில் தட்டும் ஓசை அமுங்கிவிடும் என்று எல்லா விசிறிகளையும் நிறுத்தினார். பின்பக்கம் உட்கார்ந்தால் முகம் தெரியாது என்று, தன் நாற்காலியை முன்னால் இருந்த மரமேடைக்கு மாற்றினார். உள்ளே வெறும் கூடான பழைய மேடை. அதன் மேல் ஒரு பழைய மேஜை. தூங்குமூஞ்சியை முன்வரிசைக்கு இழுத்து வந்தார்.

"ரொம்ப நன்றி சார்," என்றான் அவன்.

விரிவுரையாளர் மோதிரத்தைத் திருகினார். முன்வரிசைக்கு வந்ததற்கு இதுவரை எவனும் நன்றி சொன்னதில்லை.

"வேர்க்குதுன்னு யாரும் சொல்லக் கூடாது. ஃபேன் போட மாட்டேன்."

"வேண்டாம் சார். இப்பத்தான் நல்லாயிருக்கு," என்றது ஒரு குரல். பல தலைகள் ஆமோதித்தன.

கொசு வந்து உட்கார்ந்தால்கூடக் கேட்கும் அமைதி. அவர் வினாத்தாளை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். யாரும் அசையவில்லை. எல்லோரும் பக்தியோடு எழுதினார்கள்.

எல்லோருக்கும் நாற்பத்தெட்டு. அதே இரண்டு கேள்விகள் தவறு.

மறுவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். முதல்வர் அறையில் மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

கடைசியாகத் தூங்குமூஞ்சி வந்தான். விரிவுரையாளருக்குப் பொறுக்கவில்லை.

"தட்டினது யாருன்னு ஒரு பேரைச் சொல்லு. மத்தவங்க தப்பிச்சுக்கலாம்."

அவன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அழுதுவிடுவான் போல இருந்தது.

"நான்தான் மேடம். நான்தான் தட்டினேன்."

"எதால தட்டினே?" என்று கேட்டார் அதிகாரி.

"முட்டியால."

"நாப்பத்தெட்டு விடை உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சார் நல்லாச் சொல்லிக்குடுப்பாரு மேடம்."

அதிகாரி எழுதினார். இவனுக்கு ஓராண்டுத் தடை. மற்ற முப்பத்தொரு பேரும் இறுதித் தேர்வு எழுதலாம். மேற்பார்வையாளரின் விழிப்புணர்வு பாராட்டத்தக்கது. இறுதித் தேர்வுக்கும் அவரே உட்காரட்டும்.

விரிவுரையாளருக்குக் கிடங்கு கண்ணிலிருந்து மறைந்தது. ஆனால் வெளியே வந்தபின் ஏதோ உறுத்தியது. வெற்றி இவ்வளவு சுலபமாக வராது. வாயில்கதவு வரை தூங்குமூஞ்சியோடு நடந்தார். பையன் முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் சந்தேகமாக இருந்தது.

"டேய், உண்மையைச் சொல்லு. உனக்கு நாலு விடைகூடத் தெரியாது. நீ யாரையோ காப்பாத்துறே."

"விடுங்க சார். நாங்க முப்பத்திரண்டு பேரும் சத்தியம் பண்ணிருக்கோம்."

"ஒரு வருஷம் போச்சேடா உனக்கு. அப்படி யாருடா அந்தப் பெரிய மனுஷன்?"

தூங்குமூஞ்சி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து, தளர்ந்து ஆடிய மோதிரத்தை விரலில் நன்றாகத் தள்ளிவிட்டான்.

"எங்களுக்காக வேலையையே பணயம் வெச்சு இதால மேஜையில தட்டினீங்களே சார், அந்த நன்றிக்கு நாங்க உயிரையே குடுப்போம், ஆனா இறுதித் தேர்வுலயாவது அந்தப் பதினேழாவது மாதிரி ஆகாம கொஞ்சம் யோசிச்சுத் தட்டுங்க."